கணினி வகுப்புக்கென்று வந்த பணம்

அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதத்தை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் நம்பவில்லை. பணம் நாங்கள் கேட்ட கணினி வகுப்புகளுக்காகத் தரப்படுகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது அவசரமாகத் தேவைப்பட்டால் அதற்கே செலவிடலாம். அனுமதி கேட்டு எழுத வேண்டாம், நடந்ததைப் பிறகு சொன்னால் போதும் என்று அதில் இருந்தது.

நான் இருபது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை செய்தவள். யாராவது அப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டால், கீழே எங்கேயோ சிறிய எழுத்தில் வேறொன்று இருக்கும் என்றுதான் என் புத்தி சொல்லும். அதோடு எங்களுக்கு ஏற்கனவே ஒரு முறை சூடு பட்டிருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நாங்கள் நடத்தும் இளைஞர் நிலையத்துக்கு முன்பு வேறொரு நிறுவனம் உதவி செய்தது. புத்தகம் வாங்கத் தந்ததில் பிள்ளைகளுக்கு பஸ் காசு கொடுத்துவிட்டோம் என்று மாதக்கணக்கில் விளக்கம் கேட்டு எழுதினார்கள். கடைசியில் உதவியையே நிறுத்தினார்கள். அந்த வருடம் நிலையம் பூட்டிக் கிடந்தது.

அதனால் இந்தப் புதிய கடிதத்தை ஒரு கோப்பில் போட்டு அலுமாரிக்குள் வைத்தேன். வேறு தேவைக்கும் செலவிடலாம் என்ற அந்த வசனத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் மூச்சுவிடவில்லை. முதல் கணினி வகுப்பு தொடங்கி நன்றாக நடந்தது. இரண்டாவது வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, பத்தொன்பது வயதுப் பிள்ளை, ஒரு நாள் மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குக் கணினியை விட ஏசி இயந்திரங்களில்தான் ஆசை. நிலையத்தில் இருந்த பழைய ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்து அவளே ஓட வைத்திருந்தாள். இரத்மலானையில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குக் கடிதமும் வந்திருந்தது. அதற்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் இருந்தது.

"நல்ல விசயம்தானே பிள்ளை. பிறகேன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறாய்?"

"அடையாள அட்டை கொண்டு வரச் சொல்லி இருக்கு மிஸ். எனக்கு ஐசி இல்ல."

"எடுக்கலாம்தானே. பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வா."

"அதுவும் இல்ல மிஸ்."

பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானப் பத்திரத்தைக் காட்டிச் சேர்ந்திருக்கிறாள். ஓ.எல். பரீட்சைக்கு அதிபர் தந்த படம் ஒட்டிய கடிதத்தோடு போயிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பிறப்பை ஏன் பதியவில்லை என்று கேட்டபோது கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

அவளுடைய அம்மா மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இளவயதில் கொழும்புக்கு வேலைக்கு வந்தபோது, அடையாள அட்டை இல்லாமல் ஒருவரும் சேர்க்கவில்லை. எனவே தன் அக்காவின் அட்டையைக் கொண்டு வந்து, அக்காவின் பெயரிலேயே வேலைக்குச் சேர்ந்தார். முகம் ஒரே சாடை, ஒருவரும் கவனிக்கவில்லை. பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர், கையில் இருந்த ஒரே அட்டை அதுவாக இருந்ததால், ஆஸ்பத்திரியிலும் அதையே கொடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பதிவில் இந்தப் பிள்ளையின் தாய் என்று இருப்பது பெரியம்மாவின் பெயர். கொட்டாஞ்சேனை மாதா கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது மட்டும் பயத்தில் உண்மையான பெயரைச் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளை, இரண்டு பத்திரங்கள், இரண்டு தாய்மார். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவள் நடை பழகும் முன்பே போய்விட்டார்.

"அம்மா இப்பவும் பெரியம்மா பேருலதான் வேலை செய்றாங்க மிஸ். இது வெளிய போனா வேலை போயிரும். பொலிஸும் வரும். ஒருத்தர்ட்டயும் சொல்லாதீங்க."

அடுத்த நாள் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம், பெயர் சொல்லாமல் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தாயும் தாயின்ர அக்காவும் சத்தியக் கடதாசி முடிக்க வேணும். பிறந்த ஊர்ப் பதிவுக் கந்தோருக்கு ரெண்டு பேரும் நேர போகவேணும். உண்மையைச் சொன்னா அந்த மனுசிக்கு என்ன நடக்கும் எண்டு என்னால உறுதி தர ஏலாது. சொல்லாட்டி அந்தப் பிள்ளைக்குச் சாகும்வரைக்கும் பத்திரம் இல்லை. அதை மட்டும் உறுதியாச் சொல்லுவன்."

சட்டத்தரணிக்குக் கட்டணம், மலையகத்துக்கு வான், தங்குமிடம், அந்தத் தாய்க்கு இழக்கப்போகும் நாட்கூலி. எல்லாவற்றையும் எங்கேயிருந்து எடுப்பது? இரண்டாவது கணினி வகுப்புக்கு வைத்திருந்த பணத்தைத் தவிர நிலையத்தில் வேறொன்றும் இல்லை. அலுமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பிறகு அறக்கட்டளையில் எங்களைக் கவனிக்கும் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம் பிள்ளை. என் வயதில் பாதி. ஒரு பிள்ளையின் பத்திரப் பிரச்சினைக்கு இந்தப் பணத்தை எடுக்கலாமா என்று கேட்டேன்.

"கடிதத்த வாசிச்சீங்களா?"

"வாசிச்சனான். நம்பேல்லை."

அவள் சிரிக்கவில்லை. "நான் ஓம் எண்டு சொன்னா, நாளைக்கு ஏதாச்சும் பிழைச்சா அவ அனுமதி தந்தவ எண்டு நீங்க சொல்லலாம். அதுக்குத்தான் கேக்கிறீங்க. எனக்கு அந்தப் பிள்ளையையும் தெரியாது, அந்தத் தெருவையும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அங்க இருக்கிற பிள்ளைகளோட கதைச்சு நீங்களே முடிவெடுங்க. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அடுத்த வருசத்து உதவி நிக்காது."

போனை வைத்துவிட்டு நான் கோபப்பட்டேன். வங்கியில் ஒவ்வொரு தாளிலும் எனக்கு மேலே ஒருவருடைய கையெழுத்து இருக்கும். விதி இடம் தரவில்லை என்று சொல்லிப் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். இங்கே ஒளிய ஒரு விதியும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு இல்லை என்று சொன்னால் சொல்வது நான்தான்.

சனிக்கிழமை இரண்டாவது வகுப்புக்குப் பெயர் கொடுத்த பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டேன். அந்தப் பிள்ளை கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். யார், என்ன என்று சொல்லாமல், இங்கே ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதை எடுக்க இந்த வகுப்புக்கான பணம் முழுவதும் போகக்கூடும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

முதலில் எழும்பியவள், கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞர் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண். எக்செல் தெரிந்தால் எடுப்போம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒராளுக்காக எங்க எல்லாருக்கும் இல்லையா மிஸ்? நாங்க நாலு மாசமாக் காத்துக்கொண்டு இருக்கிறம்."

அவள் சொன்னது நியாயம். அப்போது யன்னலோரம் இருந்த ஒருத்தன் மெதுவாகக் கையை உயர்த்தினான்.

"மிஸ், எனக்கும் இல்ல."

"என்ன இல்லை?"

"பர்த் சேர்ட்டிபிகேட். சூறாவளிக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப போச்சு எண்டு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கிறன். உண்மையா எடுக்கவே இல்ல."

இன்னொருத்தி, தன் சான்றிதழில் பெயர் பிழையாக இருப்பதால் அட்டை எடுக்க முடியவில்லை என்றாள். பிறகு மற்றொருத்தி. கடைசி வரிசையில் இருந்தவளையும் சேர்த்து, பன்னிரண்டு பேரில் நான்கு பேர். ஐந்து வருடமாக அந்தப் பிள்ளைகளோடு பழகுகிறேன். தேநீர் குடித்திருக்கிறேன், பிறந்தநாள் கேக் வெட்டியிருக்கிறேன். ஒருவரிடமும் நான் இதைக் கேட்டதில்லை. வகுப்புக்கு அடையாள அட்டை இலக்கம் எழுதும் பெட்டியை அவர்கள் வெறுமையாக விட்டபோது, மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கை தூக்கிப் பார்த்தோம். ஒன்பது பேர் பத்திரங்களுக்கு என்றார்கள். கப்பல் கம்பனிக்கு முயன்ற பெண் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் இரண்டு முறை அழைத்துப் பார்த்தேன், போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாளும் நிலையத்துக்கு வரவில்லை. அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனித் தாயிடம் கேட்க வேண்டும். அவர் ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானும் மகளும் வாசலில் போய் நின்றோம். கொள்கலன் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கத்திப் பேசினால்தான் கேட்கும், ஆனால் கத்திப் பேசக்கூடிய விசயம் இல்லை. வெளியே வந்தவர் மெலிந்த, உயரமான பெண். மகள் என்னைக் காட்டியதும் அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறிப் போயிற்று.

"சொல்லிப்புட்டியா? இந்த மிஸ்கிட்ட சொல்லிப்புட்டியா?"

"அம்மா, லோயர்..."

"லோயரா? என்னைய உள்ள தள்ளவா ரெண்டு பேரும் வந்தீங்க?" பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மிஸ், இந்த வேலையில பதினோரு வருஷம். நான் யாரையும் ஏமாத்தல. உழைச்சேன், அவ்வளவுதான். எங்கள விட்டுருங்க."

உள்ளேயிருந்து மேற்பார்வையாளர் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தாய் திரும்பி "வாறேங்க" என்றார். அப்போது மகள் சொன்னாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா பெரியம்மா செத்துட்டாங்கண்டுதானே எழுதுவாங்க? உங்க பேரு எங்கயுமே இருக்காதே அம்மா. எனக்கும் அப்பிடித்தான் வேணுமா?"

தாய் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். நான் ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் காலை நிலையத்தைத் திறக்கப் போனபோது, டயர் கடையின் படியில் தாய் உட்கார்ந்திருந்தார்.

"எப்ப போகணும் மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்தரணி சத்தியக் கடதாசிகளை எழுதிய பிறகு, விடியற்காலையில் வானில் புறப்பட்டோம். தாய், மகள், நான், சாரதி. அவிசாவளை தாண்டியதும் மழை பிடித்தது. கித்துல்கலைக்கு மேலே மண் சரிந்து ஒரு பக்கப் பாதை மூடியிருந்தது. ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். கந்தோரில் பிறப்புப் பதிவுக்குப் பொறுப்பான அதிகாரி அன்று மூன்று மணிவரைதான் இருப்பார். தாய் வழியெல்லாம் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். மகள் யன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பையில் உள்ள கடதாசிகளைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரியம்மா வரவில்லை. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. இரண்டரைக்கு அதிகாரி எங்கள் கோப்பை விரித்தார். நடுத்தர வயது மனிதர், கெட்டவர் இல்லை, களைத்துப் போயிருந்தார். ஆஸ்பத்திரிப் பதிவையும் ஞானஸ்நானப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார். யார் தாய்?

"மம தமாய்" என்று தாய் சொன்னார். நான்தான்.

"இதில் இருக்கும் பெயர்?" அதிகாரி ஆஸ்பத்திரிப் பதிவைக் காட்டினார்.

"என்னோட அக்கா." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அரைச் சிங்களத்தில், அரைத் தமிழில், நான் இடையில் மொழிபெயர்க்க. அட்டையை எடுத்துக்கொண்டு வந்தது, அந்தப் பெயரில் வேலை செய்தது, ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். அந்த நிமிடம் அவர் பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். மகள் மேசைக்குக் கீழே தாயின் கையைப் பிடித்திருந்தாள்.

"இது குற்றம் என்று தெரியுமா?"

"தெரியுங்க."

"அந்த அக்கா எங்கே?"

அப்போதுதான் கதவருகே குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். அதே உயரம், அதே மெலிவு, தலை மட்டும் கூடுதலாக நரைத்திருந்தது. கணவன் போக வேண்டாம் என்று தடுத்தும், கடைசியில் அவரைக் கேட்காமலே கிளம்பி வந்திருக்கிறார். தங்கையைப் பார்க்கவில்லை. நேரே மேசைக்கு வந்தார்.

"இந்தப் பிள்ளை உங்களுடையதா?" என்று அதிகாரி கேட்டார்.

பெரியம்மா அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரிப் பதிவே சரியென்று ஆகி, யாருக்கும் ஒரு வழக்கும் வராது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"இல்லீங்க. எந் தங்கச்சி புள்ள. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியிலேயே இல்ல. மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன். தோட்டத்து செக்ரோல்ல பேரு போட்டிருப்பாங்க, பாருங்க."

செக்ரோல் என்பது தோட்டத்தில் அன்றாடம் வேலைக்கு வந்தவர்களைக் குறிக்கும் பதிவேடு. அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். தோட்டக் கந்தோரிலிருந்து அதற்கு ஒரு உறுதிக் கடிதம் கொண்டு வந்தால் மேலிடத்துக்கு அனுப்புகிறேன், முடிவெடுப்பது நானில்லை என்றார். விண்ணப்பத்தை ஏற்றதற்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தந்தார். வெளியே வராந்தாவில் அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் கட்டிப்பிடிக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மெலிஞ்சு போயிட்ட" என்று ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தோட்டக் கடிதத்துக்காக இன்னொரு முறை போனோம். பிறகு வேறொரு கையெழுத்துக்காக மூன்றாம் முறை. கணினி வகுப்பு என்று எழுதிய எந்தத் திட்டத்திலும் இப்படிப்பட்ட பயணங்களுக்கு இடமிருந்திருக்காது.

அதற்குள் நேர்முகத் திகதி வந்துவிட்டது. பற்றுச்சீட்டையும் ஞானஸ்நானப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு அவள் இரத்மலானைக்குப் போனாள். அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் கணினியில் பெயரைப் பதிய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிலையத்துக்கு வந்து, பத்திரங்கள் இருந்த கோப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "அம்மாவ வீணா அலைய வச்சிட்டேன் மிஸ்" என்றாள்.

அவளைச் சும்மா இருக்க விடக்கூடாது என்பது எனக்குத் தெரிந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஏசியும் குளிர்சாதனப் பெட்டியும் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. முதலாளி பரம்பரையாகக் கொழும்பில் இருக்கும் முஸ்லிம் மனிதர். போய்க் கேட்டேன்.

"பொம்பளப் புள்ளயா? ஏணியில ஏறுவாளா?"

"ஏறுவாள்."

"அப்ப வரச் சொல்லுங்க. ஐசி நம்பர் எனக்கு என்னத்துக்கு."

பழகும் காலத்துக்குச் சம்பளம் தர முடியாது என்றார். அவளுடைய பஸ் காசும் சாப்பாடும் சின்ன உதவித்தொகையும் நிலையத்திலிருந்து போயிற்று. இம்முறை நான் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. முடிவெடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அறக்கட்டளைக்கு எழுதினேன். கப்பல் கம்பனி வேலைக்கு முயன்ற பெண்ணைப் பற்றியும் எழுதினேன், ஒளிக்கவில்லை. அறக்கட்டளையில் எங்களைக் கவனிக்கும் அந்த இளம் பெண் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்பினாள்: மற்ற மூன்று பேரின் பத்திரங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன?

அவற்றில் இரண்டு சீக்கிரமே முடிந்தன. இந்தப் பிள்ளையுடையது எட்டு மாதம் எடுத்தது. சான்றிதழ் வந்த அன்று அவள் அதை வாசிக்கவில்லை. தாய் என்று இருக்கும் வரியில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதை வைத்து அடையாள அட்டையும் எடுத்தாள், அடுத்த முறை இரத்மலானையில் எடுத்துக்கொண்டார்கள். அவளுடைய பிரிவில் அவள் ஒருத்திதான் பெண்.

தாய்க்கு வழக்கு வரவில்லை. இதுவரை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வேலை போய்விட்டது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்த கிழமையே அவராகப் போய் மேற்பார்வையாளரிடம் தன் உண்மையான பெயரைச் சொல்லியிருக்கிறார். சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த பதினோரு வருடச் சேமலாப நிதி அக்காவின் பெயரில் கிடக்கிறது. அதை எப்படி எடுப்பது என்று சட்டத்தரணிக்கும் தெளிவாகத் தெரியவில்லை. இப்போது காலையில் ரோல்ஸும் வடையும் செய்து கொட்டாஞ்சேனைக் கடைகள் சிலவற்றுக்குக் கொடுக்கிறார்.

போன மாதம் அவருடைய சொந்தப் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டோம். அது மகளுடையதை விடச் சிக்கல். அவர் பிறந்த லயம், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை, இப்போது இல்லை, பிறந்ததைப் பார்த்தவர்களும் அதிகம் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம். வானுக்குச் சொல்லிவிட்டேன்.